ஆறாம் நம்பர் கால்

அத்தியாயம் பதினான்கு

தீம் பார்க்குக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களை அளவுக்காரர் மன்னிப்பதே இல்லை.

முப்பத்தோரு வருடமாகச் செருப்புக் கடையில் முக்காலி போட்டு, அடுத்தவர் பாதத்தை மடியில் வாங்கிப் பார்த்த மனிதர். வாசலில் ஆள் நுழையும்போதே நடையைக் கவனித்து, "எட்டாம் நம்பர், இடது கால் கொஞ்சம் பெரிசு" என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவார். கடையில் வைத்த பட்டப்பெயர் தெருவுக்கும் பரவி, தபால்காரர்கூட அவரை அளவுக்காரர் என்றுதான் விசாரிக்கிறார்.

இந்த வாரம் வீடே கடையாகிவிட்டது. மூன்று நாள் முன்பே, சாயந்திரம் ஆறு மணிக்கு, மனைவியையும் மகளையும் நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுத்தார். காலையில் எடுத்த அளவை நம்பக் கூடாது, நாள் முழுக்க நின்றால் கால் உப்பும், உப்பிய காலுக்குத்தான் ஷூ என்பது அவர் கட்சி. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலி இடம் வேண்டும். குதிகால் பிடிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் ரோலர் கோஸ்டரிலேயே செருப்பு பறந்துவிடும். ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். தண்ணீர்ச் சவாரி முடிந்ததும் மாற்றிக்கொள்ள ஆளுக்கு ஓர் உலர்ந்த கான்வாஸ் ஷூ. எல்லாவற்றையும் தோள்பையில் அடுக்கி, மேலே பிளாஸ்திரிக் கட்டு ஒன்றையும் வைத்தார்.

"கல்யாணம் பேசப் போறோமா, மலையேறப் போறோமா?" என்று மனைவி கேட்டாள்.

"நடக்குற தூரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்றார் அளவுக்காரர்.

மனைவி சாதாரண ஆள் இல்லை. இருபத்தாறு வருடமாகப் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிப்போவில் அவளுக்குச் செக்கரம்மா என்று பெயர். டிக்கெட் வாங்காதவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பும் வேகத்தை வைத்தே ஆளைப் பிடிப்பாள். போன மாதத்து பாஸில் தேதியைத் திருத்தியவர்கள் அவள் ஏறியதைப் பார்த்ததும் ஓடும் பஸ்ஸிலிருந்தே குதிக்கப் பார்ப்பார்கள்.

தீம் பார்க் யோசனையும் அவளுடையதுதான். "வீட்டுல உக்காந்து பேசினா ரெண்டு மணி நேரம் எல்லாருமே நல்லவங்களா நடிச்சுடுவாங்க. பத்து மணி நேரம் வெயில்ல வரிசையில நிக்கட்டும். அப்பத் தெரியும், பையன் எப்படி, அவங்க அம்மா எப்படின்னு" என்று சொல்லிவிட்டாள்.

இங்கேதான் அளவுக்காரருக்குச் சிக்கல். போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகளுக்கும், அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக்குக்கும் இரண்டு வருடப் பழக்கம். செக்கரம்மா காதலுக்கு எதிரி இல்லை. ஒளித்துவைப்பதற்கு எதிரி. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மகள் தள்ளித் தள்ளி, இரண்டு வருடம் ஆன பிறகு சொல்லவே முடியாத சங்கதியாகிவிட்டது. கடைசியில் அப்பாவிடம் வந்து அழுதாள். அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். "கடைக்கு ஷூ வாங்க ஒரு பையன் வந்தான். நல்ல குணம். நம்ம பொண்ணுக்குப் பாக்கலாமா?" என்று மனைவியிடம் அவரே ஆரம்பித்தார். பையனும் பையனுடைய அம்மாவும் நடிக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஆக, இன்று ஐந்து பேர் சேர்ந்து தீம் பார்க் போகிறார்கள். அதில் நாலு பேருக்கு உண்மை தெரியும்.

பார்க் வாசலில் பையனுடைய அம்மாவைப் பார்த்ததும் அளவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு டீச்சர் அந்த அம்மாள். குள்ளமாக, உருண்டையாக, சிரித்த முகமாக வந்தார். காலில் தங்க நிறத்தில், பென்சில் மாதிரி குதிகால் வைத்த செருப்பு. நேற்று வாங்கியது என்பது அடியின் பளபளப்பிலேயே தெரிந்தது. பதினோரு மணிக்குக் குதிகாலில் கொப்புளம், ஒரு மணிக்குச் சுண்டுவிரல், மூன்று மணிக்கு ஆள் நொண்டி என்று அவர் மனசுக்குள் அட்டவணை ஓடியது.

"வசதியா இருக்குங்களா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"ரொம்ப வசதி. சம்பந்தியைப் பாக்க வர்றப்ப ரப்பர் செருப்பா போட முடியும்?" என்றார் பாட்டு டீச்சர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அதாவது, சம்பந்தி ஆகப் போறவங்கள" என்று திருத்தினார்.

செக்கரம்மாவின் புருவம் ஒரு நூல் உயர்ந்து இறங்கியது.

முதல் வரிசையிலேயே அடுத்த கண்டம். மகளின் ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக் பேச்சை நிறுத்தாமல் குனிந்து, மண்டியிட்டு, இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டு எழுந்தான். இரண்டு வருடப் பழக்கதோஷம். எழுந்த பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

"தம்பி நல்லாக் கட்டுறீங்களே" என்றாள் செக்கரம்மா.

"லிஃப்ட் கம்பி கட்டிப் பழக்கம், ஆன்ட்டி. எது அவிழ்ந்திருந்தாலும் கை தானாப் போயிடும்."

"என் ஷூவும்தான் அவிழ்ந்திருக்கு."

பாவம், அதையும் கட்டினான். "டைட்டு சரியா இருக்குங்களா, மாமா?" என்று அளவுக்காரரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, "சார்" என்று சேர்த்துக்கொண்டான். அளவுக்காரர் வானத்தைப் பார்த்தார். வானத்தில் ரோலர் கோஸ்டர் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது.

எந்தச் சவாரியிலும் லிஃப்ட் மெக்கானிக் சட்டென்று ஏறிவிடமாட்டான். அடியில் குனிந்து போல்ட்டுகளை எண்ணி, இயக்குபவரிடம் எப்போது எண்ணெய் விட்டார்கள் என்று விசாரித்து, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகுதான் ஏறுவான். இது செக்கரம்மாவுக்குப் பிடித்துப்போனது. "தொழில்ல கவனமா இருக்கான்" என்று கணவர் காதில் சொன்னாள். அளவுக்காரருக்கு அரைப் படி ரத்தம் ஊறியது. மதியம்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

வரிசையில் நிற்கும்போது அம்மாக்கள் இருவரும் கால் கதை பேச ஆரம்பித்தார்கள். பாட்டு டீச்சர் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே, "எனக்கு ஆறாம் நம்பர். எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்றார்.

"எனக்கும் ஆறுதான். இவ்வளவு உயரத்துக்கு ஆறான்னு எல்லாரும் கேப்பாங்க" என்றாள் செக்கரம்மா. அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு அளவுக்காரருக்கு வியர்த்தது.

இது முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கிறவர்களுக்கும் தெரியாத சங்கதி.

செக்கரம்மா நல்ல உயரம். பள்ளிக்கூடத்தில் ஒட்டகம் என்றார்கள், கல்லூரியில் கம்பம் என்றார்கள். கல்யாணமான புதிதில் அளவுக்காரர் அவளைக் கடைக்குக் கூட்டிவந்து காலை அளந்தார். ஆறு. "இவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு சின்னக் கால்" என்று வாய்விட்டுச் சொன்னார். அவளிடம் ஏதோ ஒன்றைச் சின்னது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை அவள் பட்டம் வாங்கியது போல வைத்துக்கொண்டாள்.

மகள் பிறந்த பிறகு கால் ஏழாகிவிட்டது. பிள்ளை பெற்ற பலருக்கு நடப்பதுதான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறுக்குள் காலைத் திணித்து, எட்டு மணி நேரம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, கால் பெருவிரல் நகம் கறுத்துப்போய் வந்தாள். ஏழு போட்டுப் பாரேன் என்றால் அழுதாள். அளவுக்காரருக்குத் தாங்கவில்லை. ஒரு ஏழாம் நம்பர் ஜோடியை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் மேல் ஆறாம் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி, "புதுக் கம்பெனி, மெத்துனு இருக்கும்" என்று நீட்டினார். அவள் போட்டு நடந்து பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, செருப்புலதான் கோளாறு. கால்ல இல்ல" என்றாள்.

அன்றிலிருந்து அவள் போட்ட ஒவ்வொரு ஜோடியிலும் அவர் கைவண்ணம் உண்டு. அளவெடுத்தாலும் ஆறு என்று அவரே படித்துவிடுவார். அடியில் நம்பர் அச்சடித்த ரகங்களை அவர் வீட்டுப் பக்கமே கொண்டுவந்ததில்லை. ஊரையே சோதிக்கிறவள் தன் காலடியைச் சோதிக்கவில்லை. கணவர் கொடுத்ததை எதற்குச் சோதிக்க வேண்டும்?

இரண்டரை மணிக்குத் தண்ணீர்ச் சவாரி. எல்லோரும் தொப்பலாக நனைந்து இறங்கினார்கள். இறங்கும் பாதையில் தண்ணீர் வடிய இரும்புச் சல்லடை போட்டிருந்தது. பாட்டு டீச்சரின் பென்சில் குதிகால் அதில் கச்சிதமாக இறங்கி, மேலே வர மறுத்து, படக்கென்று முறிந்தது.

"அய்யோ, நேத்து வாங்குனது" என்று ஒற்றைக் காலில் நின்றார் டீச்சர்.

"எதுக்குக் கவலைப்படுறீங்க? உங்களுக்கும் ஆறு, எனக்கும் ஆறு. என் உலர்ந்த ஜோடி பையில இருக்கு. எடுங்க, என்னங்க" என்றாள் செக்கரம்மா.

அளவுக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அது வந்து, உனக்கு வேணாமா? ஈரத்துல சளி பிடிக்கும்" என்றார்.

"எனக்கு ஈரம் பழக்கம்."

"என் ஷூவைக் குடுக்குறேன்."

"உங்க ஒன்பதை அவங்க படகாத்தான் ஓட்டணும். பையைக் குடுங்க."

பையை அவளே வாங்கினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாட்டு டீச்சருக்கு அவளே குனிந்து போட்டுவிட்டாள். கயிற்றை இழுத்துக் கட்டினாள். டீச்சர் எழுந்து ஓரடி வைத்தார். கால் முன்னால் போனது, ஷூ பின்னால் நின்றது.

"கொஞ்சம் லூசா இருக்குங்க" என்றார் டீச்சர் சங்கடமாக.

"ஆறுதானே?"

"எனக்கு ஆறுதாங்க. அதுல சந்தேகமே இல்ல."

செக்கரம்மா குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தாள். தாராளமாக உள்ளே போனது. ஷூவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே ஆறு என்றுதான் இருந்தது. பிறகு கட்டைவிரல் நகத்தை ஸ்டிக்கரின் ஓரத்தில் மெல்ல ஓட்டினாள். திருத்திய பாஸைக் கண்டுபிடிக்கும்போது அவள் செய்வது அப்படித்தான். ஓரம் தடித்திருந்தது. உரித்தாள். அடியில் ஏழு.

நனைந்து காலில் இருந்த ஜோடியையும் கழற்றினாள். அதிலும் ஆறு. அதன் கீழேயும் ஏழு.

"எத்தனை நாளா?" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அளவுக்காரருக்கு.

"இவ பொறந்த வருஷத்துலேர்ந்து."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். லிஃப்ட் மெக்கானிக் குனிந்து சல்லடையில் சிக்கிய குதிகாலை ஆராய ஆரம்பித்தான். நல்லது செய்ய நினைத்தவர் பாட்டு டீச்சர் ஒருவர்தான்.

"விடுங்க சம்பந்தி, பாசத்துல செஞ்சிருக்கார். இந்தச் சின்ன விஷயத்துக்கே இப்படி உடைஞ்சு போனா அந்தப் பெரிய..."

மகள் டீச்சர் கையைப் பிடித்துக் கிள்ளினாள். டீச்சர் சட்டென்று வாயை மூடினார். நாலு பேரும் ஒரே நேரத்தில் நாலு திசையில் முகத்தைத் திருப்பினார்கள். இருபத்தாறு வருடமாக ஜன்னல் பக்கம் திரும்பும் முகங்களையே பார்த்துப் பிழைக்கிறவள் முன்னால் அதைச் செய்திருக்கக் கூடாது.

செக்கரம்மா இரண்டு ஜோடியையும் பையில் போட்டு மகளிடம் கொடுத்தாள். வெறுங்காலோடு எழுந்தாள். "என்னங்க, ராட்டினத்துல ஏறலாம் வாங்க. நீங்களும் நானும் மட்டும்" என்றாள்.

"எதுக்கு இப்ப ராட்டினம்?"

"நின்ன பஸ்ல நான் யாரையும் விசாரிக்க மாட்டேன். இறங்கி ஓடிடுவாங்க. ஓடுற பஸ்லதான் கேப்பேன்."

ராட்சத ராட்டினம் மெல்லச் சுற்றுகிற ரகம். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். கூண்டுக்குள் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, கம்பிவலைத் தரை. கதவைச் சாத்தி வெளியே கொக்கி போட்டார்கள். கூண்டு மேலே கிளம்பியது.

"முதல்ல செருப்பு" என்றாள் செக்கரம்மா. "ஏன்?"

"உன் நகம் கறுத்துச்சு. பாக்க முடியல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீ அழுதே."

"நான் ஒரு நாள் அழுதிருப்பேன். நீங்க இருபத்தஞ்சு வருஷம் ஒட்டிட்டிருந்தீங்களே."

அளவுக்காரர் கையைப் பிசைந்தார். இதுவரை தனக்குத் தானே கூடச் சொல்லிக்கொள்ளாத ஒன்று வாயில் வந்தது. "முதல் ஜோடி உனக்காக ஒட்டினேன். மத்ததெல்லாம் எனக்காக. உண்மையைச் சொன்னா அன்னைக்கு வரைக்கும் சொன்ன பொய்க்கும் சேர்த்துத் திட்டு வாங்கணுமே, அந்தப் பயம்."

அவள் தலையை ஆட்டினாள். வாக்குமூலத்தைக் குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது. "சரி. அந்தத் தம்பி உங்க கடைக்கு வந்து வாங்குன ஷூ எந்த ரகம்?"

அவர் கூண்டுக்கு வெளியே முகத்தைத் திருப்பினார்.

"நம்ம பொண்ணை இன்னைக்குத்தான் முதல் தடவையாப் பாக்குறாரா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. சொன்னால் மகள் கல்யாணம் தப்பிக்கலாம். எதிரே மனைவியின் வெறும் பாதங்கள் கம்பிவலை மேல் இருந்தன. வலையின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அந்தப் பாதங்களை அவர் ஒருவருக்குத்தான் உண்மையில் தெரியும். இன்னொரு பொய்யை அவற்றின் முன்னால் வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"ரெண்டு வருஷமாப் பழக்கம்" என்றார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உன்னைத் தவிர எல்லாருக்கும்."

கூண்டு உச்சிக்கு வந்தது. கீழே மனிதர்கள் பொத்தான் பொத்தானாகத் தெரிந்தார்கள். செக்கரம்மா வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் அவ்வளவு பொல்லாதவளாங்க?"

"இல்ல. நீ கண்டுபிடிச்சுடுவேன்னு பயம்."

"கண்டுபிடிச்சுட்டேனே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அளவுக்காரர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை. இத்தனை வருடத்தில் அவள் அழும்போது ஏதாவது ஒரு பொய் சொல்லித் தேற்றிவிடுவார். இன்று அந்த வழியும் அடைபட்டுவிட்டது. கைக்குட்டையைத் திரும்ப மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கீழே வந்ததும் இயக்குபவர் கொக்கியை எடுத்தார். அளவுக்காரர் இறங்கி, கை கொடுக்கத் திரும்பினார்.

"நான் இறங்கல" என்றாள் செக்கரம்மா. இயக்குபவரைப் பார்த்து, "தம்பி, எனக்கு இன்னொரு சுத்து வேணும். இவரை விட்டுடுங்க. அதோ அந்தப் பொண்ணை ஏத்துங்க" என்றாள். அவள் சொன்ன விதத்தில் இயக்குபவர் தன் சட்டைப் பையில் டிக்கெட்டைத் தேடினார்.

மகள் பையை லிஃப்ட் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, அப்பாவைப் பார்த்தாள். அளவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கூண்டில் ஏறி, அம்மாவுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொக்கி விழுந்தது.

மூன்று பேரும் அண்ணாந்து நின்றார்கள்.

"நடுவுல நிறுத்த முடியாதுங்க, மாமா" என்றான் லிஃப்ட் மெக்கானிக். பயத்திலும் தொழிலை விடவில்லை. "கியர் அப்படி."

"நான்தான் வாயை விட்டேன்" என்று பாட்டு டீச்சர் அழாக்குறையாகச் சொன்னார். "அவங்க வேணாம்னுட்டா என் பையன் சாப்பிடவே மாட்டான்."

கம்பிவலைத் தரை வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. இந்தப் பக்கம் வெறுங்கால் இரண்டு. அந்தப் பக்கம் கான்வாஸ் ஷூ இரண்டு, விரல் நுனி ஒன்றையொன்று பார்த்தபடி, பயந்த குழந்தை உட்காருகிற மாதிரி. கூண்டு பாதி உயரத்தைத் தாண்டியது.

அப்போது வெறுங்கால் இரண்டும் எழுந்தன. கூண்டு ஆடியது. அவை ஒரே எட்டில் எதிர்ப்பக்கம் போய், ஷூவுக்கு மிக நெருக்கத்தில் நின்றன.

"என்னாச்சு மாமா? அடிக்கிறாங்களா?" என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

கட்டிக்கொள்ளப் போகிறவளும் அப்படித்தான் எழுந்து போவாள், அறையப் போகிறவளும் அப்படித்தான் எழுந்து போவாள். முப்பத்தோரு வருடம் கால்களைப் பார்த்தவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவர் கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். கூண்டு உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது.